யாரைக் கேட்டீர்கள்?

ஆற்றையும் காட்டையும் காத்த பழங்குடிப் பெண்கள்: வகுப்பறைக்கு ஒரு பாடம்

‘சிப்கோ இயக்கம் என்றால் என்ன?’ என்று எட்டாம் வகுப்பில் கேட்டால், ‘மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய இயக்கம்’ என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொல்லும். ‘கட்டிப்பிடித்தவர்கள் யார்?’ என்றால் ‘பெண்கள்’ என்பார்கள். ‘அன்றைக்கு அந்த ஊர் ஆண்கள் எங்கே போயிருந்தார்கள்?’ என்று மூன்றாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

1974 மார்ச் 26. இன்றைய உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம், ரிஷிகங்கை ஆற்றங்கரையில் ரேணி என்ற மலைக்கிராமம். ஊரை ஒட்டிய காட்டில் சுமார் 2,500 மரங்களை வெட்டுவதற்கு ஏலம் முடிந்திருந்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இராணுவத்துக்காக எடுத்துக்கொண்ட நிலங்களுக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி, ஊர் ஆண்களை அன்று சமோலிக்கு வரவழைத்திருந்தார்கள். ஆண்கள் போய்விட்டால் ஊரில் கேட்க ஆள் இல்லை என்பது ஒப்பந்தக்காரர்களின் கணக்கு. வெட்டுக்கூலிகள் மலையேறுவதைப் பார்த்த ஒரு சிறுமி ஓடிவந்து மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவியிடம் சொன்னாள். அவர் 27 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் மரங்களுக்கு முன்னால் நின்றார். மிரட்டினார்கள், நகரவில்லை. இரவெல்லாம் காவல் இருந்தார்கள். பிறகு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையின்பேரில் அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் வெட்டப் பத்தாண்டுத் தடை வந்தது.

கௌரா தேவி போட்டியா என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். பள்ளிக்குப் போகாதவர். ஆனால் 1970இல் அலக்நந்தா பெருக்கெடுத்து ஊர்களை அடித்துச் சென்றதைக் கண்டவர். மேலே மரம் போனால் கீழே மண் வரும் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்தித் தெரியவைக்க வேண்டியிருக்கவில்லை. ‘மரத்தை நேசித்த தாய்மார்கள்’ என்று உருகிச் சொல்லி நாம் முடித்துவிடும்போது இந்த அறிவு மறைந்துபோகிறது. அவர்கள் எழுப்பிய கேள்வியும் மறைந்துபோகிறது. எங்கள் காட்டை வெட்டுவதென்று முடிவு செய்தீர்களே, யாரைக் கேட்டீர்கள்?

ரேணியின் கதை 1974இல் முடியவில்லை. அதே ரிஷிகங்கையில் பின்னாளில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் 2019இல் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று மலைச்சரிவும் வெள்ளமும் அந்த நிலையத்தை வாரிக்கொண்டு போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். ஊரே பாதுகாப்பற்றதாகிவிட, கௌரா தேவியின் சிலையை எடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சொல்லலாம். கீழ்வகுப்புகளுக்கு 1974 போதும்.

நம் மாணவர்கள் திரையில் பார்த்த அருவி

இமயமலை தொலைவுதான். இதே கேள்வி நமக்குப் பக்கத்திலும் எழுந்தது. அந்த இடத்தை நம் மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். ‘புன்னகை மன்னன்’ அருவி என்று பெரியவர்களும் ‘பாகுபலி’ அருவி என்று சிறுவர்களும் சொல்லும் அதிரப்பள்ளி அருவிதான் அது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடி ஆற்றில் இருக்கிறது.

சாலக்குடி ஆறு முழுக்க முழுக்கக் கேரளத்து ஆறு என்று நினைத்துவிட வேண்டாம். அது பிறப்பது ஆனைமலைத் தொடரில். வால்பாறைக்கு அருகே நாம் பார்க்கும் சோலையாறு அணை இந்த ஆற்றின் ஒரு கிளையில் இருக்கிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் மூலம் இதே வடிநிலத்தின் தண்ணீர் சுரங்கங்கள் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கும் வருகிறது. அதாவது, நம் மாநிலத்துத் தென்னந்தோப்புகள் சிலவற்றின் தண்ணீர் காடர் என்ற மக்கள் வாழும் மழைக்காட்டிலிருந்து வருகிறது. ஆனைமலையின் இரு பக்கமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், வாழ்கிற சிறிய பழங்குடியினர் காடர். தேன், கிழங்கு, காட்டுப் பொருள்கள், ஆற்று மீன் ஆகியவையே அவர்கள் வாழ்வு. ஒவ்வோர் அணை வந்தபோதும் அவர்கள் இடம் மாறினார்கள். பரம்பிக்குளம், பெரிங்கல்குத்து, சோலையாறு என்று அணைகளின் பெயரைச் சொன்னால், அவர்கள் எங்கிருந்து எங்கே துரத்தப்பட்டார்கள் என்ற வரைபடம் தானே உருவாகிவிடும்.

அதிரப்பள்ளி அருவிக்கு மேலே இன்னோர் அணை கட்டி 163 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. அணையில் தேங்கும் நீர் அருவியைச் சுற்றிக்கொண்டு குழாய் வழியாக மின்நிலையத்துக்குப் போகும். இடைப்பட்ட ஆறு மெலியும். ஆற்றோரக் காடு மூழ்கும். வாழச்சால், பொகலப்பாறை என்ற இரண்டு காடர் ஊர்களின் வாழ்வு குலையும்.

இந்த ஆற்றோரக் காட்டில் ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. தென்னிந்தியாவில் வாழும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் இங்கே காணப்படுகின்றன. பெண் இருவாச்சி முட்டையிடுவதற்கு முன்பே பெரிய மரத்தின் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் அத்தி முதலான பழங்களைக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பழைய, பருத்த மரம் இல்லையென்றால் கூடு இல்லை. வாழச்சால் காடர்கள் ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்தவர்கள். இன்று கூடு இருக்கும் மரங்களைக் கண்டறிந்து காவல் காப்பவர்கள். அறிவியல் ஆசிரியர் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். சமூக அறிவியல் வகுப்பில் இதற்கு நேரம் போதாது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 1998இல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பதால் 2001இல் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2002இல் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தனர். 2005இல் மறுபடியும் அனுமதி. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் ஒருவர் வாழச்சால் ஊரைச் சேர்ந்த கீதா என்ற காடர் பெண். புதிதாக ஆய்வறிக்கை தயாரித்துவிட்டு அதன்மேல் மக்களைக் கேட்கவில்லை என்பதால், 2006இல் அந்த அனுமதியும் ரத்தாயிற்று. மீண்டும் கூட்டம், 2007இல் மீண்டும் அனுமதி, மீண்டும் வழக்கு. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011இல் இந்தத் திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்று அறிக்கை தந்தது. 2007இல் தந்த அனுமதி பத்தாண்டில் காலாவதியாயிற்று. 2020இல் திட்டத்தை மறுபடி தூசு தட்டியபோது எதிர்ப்பும் மறுபடி கிளம்பியது. அணை எழும்பவில்லை.

ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதி நின்றது ‘காடு அழகானது’ என்ற வாதத்தால் அல்ல. கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டிய முறையில் கேட்டீர்களா என்ற கேள்வியால். கீதா பின்னர் தம் ஊரின் மூப்பராகவும் ஆனார். காலங்காலமாக ஆண்களே வகித்த பொறுப்பு அது. அவருக்குத் துணை நின்றவர்களில் ஆற்று ஆய்வாளர் லதா அனந்தாவை மறக்க முடியாது. அவர் பழங்குடி அல்லர். திட்ட அறிக்கையில் காட்டிய அளவுக்கு ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கணக்குகளை எடுத்துவைத்துக் கேட்டவர்களில் முன்னணியில் இருந்தவர். 2017இல் காலமானார். ஊர்ப் பெண்ணின் ஆற்றறிவும் ஆய்வாளரின் கணக்கும் சேர்ந்த இடம் என்பதால்தான் இந்தப் போராட்டத்தைப் பாடமாக்க நான் பரிந்துரைக்கிறேன். கணித ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது.

2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் ஊர்களுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின்மீது சமூக வன உரிமை கிடைத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிடைத்த உரிமை. இந்தச் சட்டத்தை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. உரிமை யாருக்கு என்று முடிவெடுக்கும் வேலை கிராம சபையிலிருந்து தொடங்குகிறது. அந்தச் சபைக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். திருமணமானவர்களுக்குத் தரும் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீர்நிலைகளையும் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபைக்கே சட்டம் தருகிறது. ரேணியில் ஆண்களை அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்தார்களே, அந்த வழியை இந்தச் சட்டம் எழுத்தில் அடைத்திருக்கிறது.

எழுத்தில் இருப்பது தானாகக் கைக்கு வருவதில்லை. வால்பாறைக்கு அருகே கல்லார் என்ற காடர் குடியிருப்பு 2019 ஆகஸ்ட் மழையில் நிலச்சரிவுக்கு ஆளானது. மக்களைத் தேயிலை எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் தங்கவைத்தார்கள். காட்டுக்குள்ளேயே பாதுகாப்பான இடமான தெப்பக்குளமேட்டைத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். புலிகள் காப்பகம் என்பதால் எளிதில் கிடைக்கவில்லை. ராஜலட்சுமி என்ற காடர் பெண் முன்னின்று, மனு, கூட்டம், உண்ணாவிரதம் என்று அறவழியில் இரண்டாண்டுக்கும் மேல் நடத்திய போராட்டத்தின் பிறகே அந்த இடத்தில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. 2024 குடியரசு நாள் அணிவகுப்புக்கு அவரும் அவர் கணவரும் சிறப்பு விருந்தினர்களாகத் தில்லிக்கு அழைக்கப்பட்டனர். நாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் செய்தித்தாள் துணுக்குகளில் இதற்கும் ஓர் இடம் தரலாம்.

உலகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு போதும். ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டில் வாவோரானி மக்களின் நிலத்தை எண்ணெய் எடுக்க ஏலம் விட அரசு முனைந்தது. 2012இல் உங்களைக் கலந்தாலோசித்துவிட்டோமே என்றது. நெமோந்தே நென்கிமோ என்ற பெண்ணின் தலைமையில் அம்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கலந்தாலோசனை செல்லாது என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. சுமார் 2 லட்சம் ஹெக்டேர் மழைக்காடு தப்பியது. வாழச்சாலுக்கும் அமேசானுக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றன. கேள்வி மட்டும் ஒன்றேதான்.

வகுப்பறையில் ஒரு கருத்துக்கேட்பு

இதை இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம். முதல் வேளையில் கதையும் வரைபடமும். இரண்டாம் வேளையில் வகுப்பையே கருத்துக்கேட்புக் கூட்டமாக மாற்றுங்கள். மாவட்ட ஆட்சியர் ஒருவர், மின்வாரியப் பொறியாளர்கள் நால்வர், அருவிக்கு அருகே கடை வைத்திருப்பவர்கள், ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள், காடர் ஊர்ப் பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். விதிகளைக் கற்பனையாக வைக்க வேண்டாம். நாட்டில் உள்ளவற்றையே வையுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும். பேசியவற்றின் தொகுப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஒளிப்பதிவுக்கு உங்கள் கைப்பேசி போதும்.

ஒரு தந்திரம் செய்யலாம். திட்டச் சுருக்கத்தை முதலில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு படி, ஆசிரியர் மேசையில் வையுங்கள். யார் எழுந்து வந்து ‘எங்களுக்கு இது புரியவில்லை, தமிழில் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்ட பிறகே கொடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் கூட்டத்தை அப்படியே நடத்தி முடித்துவிட்டு, பிறகு விதிகளைக் கரும்பலகையில் எழுதி, எது மீறப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு வரும் கோபம் அந்தப் பாடத்தை மறக்கவிடாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பெற்றோர் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, ‘கரண்ட் இல்லாம கம்பெனி எப்படி சார் ஓடும்?’ என்று கேட்கக்கூடும். தயவுசெய்து அந்தப் பிள்ளையை மடக்காதீர்கள். நியாயமான கேள்வி அது. மின்வாரியப் பொறியாளர் வேடத்தை அந்தப் பிள்ளைக்கே கொடுத்து, தன் வாதத்தை முழுமையாக வைக்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பைப் பொம்மையாக்கிவிட்டு நடத்தும் விவாதத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழங்குடி என்றதும் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு முகத்தில் கரி பூசி, இலை தழையைக் கட்டி, கையில் ஈட்டியைக் கொடுத்து ஆடவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பெண்ணும் கிராம சபையில் மனுவோடு நின்ற பெண்ணும் எந்த ஈட்டியையும் ஏந்தவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் இருளராக இருக்கலாம்.

நம் ஆற்றின் கடைசியில் இருப்பவர்கள்

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு பிரிவுகளில் இருளரும் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் இருளர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டம் அவர்கள் நிறைந்து வாழும் மாவட்டங்களில் ஒன்று. ஆவடி, பூவிருந்தவல்லியைத் தாண்டி மேற்கே போனால் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் அவர்களைப் பார்க்கலாம். ஏரிக்கரையே அவர்களுக்கு வீட்டு மனையாக இருப்பதும் உண்டு. சூளைப் பருவத்தில் குடும்பத்தோடு இடம் மாறுவதால், நம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே நீண்ட இடைவெளி விழுகிறது. இனச்சான்று இல்லாததால் உயர்வகுப்பில் உதவித்தொகை நின்றுபோவதும் நமக்குத் தெரிந்ததே. பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் தர வேண்டும். விண்ணப்பத்தை எழுதி, பின்தொடர்ந்து, அலைந்து வாங்கித்தந்த ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் இந்த இதழில் வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி வரைபடம். அம்பத்தூர் ஏரியில் விரலை வைக்கச் சொல்லுங்கள். நிரம்பி வழியும் நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து இரட்டை ஏரி, பிறகு கொசஸ்தலையாறு, கடைசியில் எண்ணூர் முகத்துவாரம். அந்த உப்பங்கழியில் இடுப்பளவு, மார்பளவு நீரில் இறங்கி, வலையில்லாமல், வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு கைகளும் நீருக்குள் வேலை செய்வதால், பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். நீரின் ஏற்ற இறக்கம், சேற்றின் மென்மை, இறால் ஒதுங்கும் இடம் எல்லாம் அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அந்த நீரில் கலப்பதைப் பற்றி முதலில் தெரிந்துகொள்பவர்களும் அவர்கள்தாம், ஏனென்றால் அது அவர்கள் தோலில் படுகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு முகத்துவாரத்தில் பரவியது நினைவிருக்கும். அந்த நீரில் வயிறு பிழைத்தவர்களில் இவர்களும் உண்டு.

அம்பத்தூர் ஏரியிலும் கொரட்டூர் ஏரியிலும் விழும் கழிவுநீர் எங்கே போகிறது என்று மாணவர்களே வரைபடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் சொல்லத் தேவையில்லை. வாழச்சாலில் ஆற்றின் மேலே இருப்பவர்கள் பழங்குடிகள், கீழே இருப்பவர்கள் மற்றவர்கள். இங்கே அது தலைகீழ். மேலே இருப்பது நாம். இந்த வேறுபாட்டை வகுப்பில் விவாதிக்கும்போது இருளர் பிள்ளை யாரேனும் இருந்தால், ‘உங்க ஆளுங்களைப் பத்திச் சொல்லு’ என்று எழுப்பி நிறுத்த வேண்டாம். அந்தப் பிள்ளை தானாகப் பேச விரும்பினால் பேசட்டும். வீட்டில் பாட்டி எப்படி எறால் பிடிப்பார், எந்தக் கொடி எதற்கு மருந்து என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால், அன்றைக்கு ஆசிரியர் அந்தப் பிள்ளைதான்.

தொடர்செயல் ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நம் பாடத்துக்குப் பொருத்தம். ஆவடி, அம்பத்தூர் போன்ற நகர்ப்புறங்களில் கிராம சபை கிடையாது. அங்கே ஏரியா சபைக் கூட்டம் எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒப்புதலோடு, பெரியவர் துணையோடு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பார்வையாளர்களாகப் போய்வரலாம். ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக் கொடுத்தனுப்புங்கள். எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பெண்கள் பேசினார்கள், ஏரியைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ யார் என்ன கேட்டார்கள் என்று எழுதி வரட்டும்.